பதினோரு உளுந்து மூட்டை

காசிராஜன் வாரத்தில் இரண்டு நாள் தன் வேனின் சீட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பான். தேய்த்துப் பயனில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து ஏறுகிறவர்களின் சேலையிலும் கையிலும் அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். அது ரெக்சின் தையலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு வராது. காய்ந்ததும் வெயிலில் மினுங்கும். அவன் மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு போவான்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பின் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் முதலுதவி அறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கைக்காயத்துக்குக் கட்டுப் போடுவது, மாதம் ஒருமுறை தொழிலாளர்களின் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து நோட்டில் எழுதுவது, இவைதான் வேலை. போக வர காசிராஜனின் வேன்தான். எனக்கு எப்போதும் டிரைவர் பக்கத்து முன் சீட்டு. யாரும் கொடுத்ததில்லை, நர்ஸ் என்பதால் முதல் நாளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் நிலமுள்ள சம்சாரி வீட்டில் கூலிக்கு உழவுக்குப் போன ஒருவரின் மகன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, விருதுநகரிலிருந்து மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா வரை போய்வந்தவன். முப்பத்திரண்டு வயதில் பழைய வேன் ஒன்றை வாங்கிக் கம்பெனிக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தான். நல்ல டிரைவர். சடக்கென்று பிரேக் பிடிக்க மாட்டான். யாராவது வரத் தாமதமானால் ஹார்ன் அடித்து மானத்தை வாங்காமல் காத்திருப்பான். எந்நேரமும் வெள்ளைச் சட்டைதான். ஆனால் 'ஆள் வண்டிக்காரன்' என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

2006 ஆனி மாதம் அது நடந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அவன் மனைவியின் அண்ணன் குடும்பத்தார் குளிக்கப் போகப் புறப்பட்டார்கள். இவன் தானே கூட்டிப்போவதாகச் சொல்லி, சீட்டைக் கழுவி, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஏறி உட்கார்ந்த ஒரு பெரியவர் உடனே இறங்கி வேட்டியைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளி வெள்ளியாக இருந்தது. இதில் போனால் நாமும் கம்பெனி ஆட்கள் மாதிரி இருப்போமே என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் சொன்னது. அவர்கள் வேறு வண்டி பேசிக்கொண்டார்கள். காசிராஜன் சிரித்துக்கொண்டே காலி வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆவணி கடைசி வாரம் திங்கட்கிழமை வேன் வந்து நின்றபோது பெண்கள் ஏறாமல் சுற்றி நின்றார்கள். நான்கு சக்கரத்திலும் பழைய இரும்பு டிஸ்க் போய் அலாய் வீல். ஐந்து கை விரித்த மாதிரி வெள்ளி நிறம். டயர் அகலமாக, கன்னங்கரேலென்று மட்கார்டுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

மூக்கம்மாள் தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். திரி வெட்டும் ஷெட்டில் வேலை செய்கிறவள். காசிராஜனுக்குப் பெரியப்பா மகன் மனைவி, அதனால் மதினி. கணவன் இறந்து ஐந்து வருடம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வேனில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

"ஏலே காசி, வண்டிக்குக் கொலுசு போட்டுருக்கே. வயசுக்கு வந்துருச்சாக்கும்?"

"மெதுவா ஏறுங்க மதினி. ஒங்க வெயிட்டுக்குக் கொலுசு நசுங்கிராம."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் மூக்கம்மாள்தான். அந்த ஊரில் மதினியைக் கொழுந்தன் எதைச் சொல்லியும் கேலி பேசலாம். அவளும் திருப்பிக் கொடுப்பாள். குண்டு என்பது அவர்களுக்குள் வருடக்கணக்கில் ஓடிய பேச்சு. அது யாரையும் காயப்படுத்தியதில்லை.

வேன் கிளம்பியது. ஊரைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓடையைக் கடக்கும் தரைப்பாலம் உண்டு. ரோடு அங்கே பள்ளமாக இறங்கி ஏறும். வேன் இறங்கியதும் பின்னால் வலது பக்கம் கர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ரப்பர் கருகும் வாடை.

எங்கள் பக்கத்தில் கருகல் வாடை வந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். வேன் நிற்கும் முன்பே பெண்கள் குதித்து ஓடைக் கரைக்கு ஓடிவிட்டார்கள். நானும் ஓடினேன். காசிராஜன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, டயர்தான் உரசியிருக்கிறது என்று கூப்பிட்டான். டயரின் விளிம்பில் பென்சில் சீவியது போல ரப்பர் சுருண்டிருந்தது. மட்கார்டின் உதடு தேய்ந்து பளபளத்தது. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் மூக்கம்மாளின் இடம்.

ஒரே பக்கமாக வெயிட் விழுகிறது என்றான். கேலியாகத்தான் சொன்னான். மறுநாள் அவளை இடது பக்கம் உட்காரச் சொன்னான். அதற்கு மறுநாள் நடுவில். அதன்பின் தரைப்பாலம் வந்ததும் அவளை இறங்கச் சொல்லி, வேனைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றி, அக்கரையில் மறுபடி ஏற்றிக்கொண்டான். கூடவே வேறு இரண்டு பேரையும் இறக்குவான், பேருக்கு. வேலுத்தாய் என்ற சின்னப் பெண் ஒருத்தி, "தரைப்பாலம் வந்துருச்சு, பெரியம்மா எறங்கு" என்று தினமும் ராகம் போட்டாள். மூக்கம்மாள் முதல் நாள் சிரித்தாள். நான்காம் நாள் சிரிக்கவில்லை.

இடது பக்கமும் உரசிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காசிராஜன் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் வரும் இடத்தில் ஹார்ன் அடித்தான்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகிதமும் பேனாவுமாக முதலுதவி அறைக்கு வந்தான். வண்டியில் வருகிறவர்களின் எடை என் நோட்டில் இருக்குமே, வாசித்தால் கூட்டிப் பார்க்கலாம், டயர் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும் என்றான். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நோட்டை எடுத்துப் பெயரும் எடையுமாக இருபது பேரையும் வாசித்தேன். மொத்தம் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. மொத்தத்தை மட்டும் சொல்லியிருந்தால் போதும். ஒரு நோயாளியின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது. அதை நான் பல நர்சுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

மூக்கம்மாள், எண்பத்தொன்று என்று வாசித்தபோது அவன் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான். அதைப் பார்த்தேன். அடுத்த பெயரை வாசித்தேன்.

வேனில் நானும் அவனும் சேர்ந்து இருபத்திரண்டு பேர். என் எடையை அவன் கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. நோட்டில் என் பெயரே கிடையாது.

மறுநாள் காலை தரைப்பாலத்தில் மூக்கம்மாள் எழவில்லை. முட்டி வலிக்கிறது, இன்றைக்கு உட்கார்ந்தே வருகிறேன் என்றாள். காசிராஜன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான்.

"எண்பத்தொண்ணு மதினி. நானாச் சொல்லல. நர்சம்மா நோட்டுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வேலுத்தாய்கூட. அவ்வளவு நாள் பேசியது கேலி. நோட்டில் இருக்கும் எண் கேலி இல்லை என்பது அங்கிருந்த இருபது பெண்களுக்கும் தெரிந்தது. எனக்கும் அவனுக்கும்தான் தெரியவில்லை.

மூக்கம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேன் அக்கரையில் நின்றது. அவள் பள்ளத்தைக் கடந்து வந்து, திறந்திருந்த கதவைத் தாண்டி, நிற்காமல் நடந்தாள். காசிராஜன் இரண்டு தடவை கூப்பிட்டான். "நீங்க போங்க" என்று மட்டும் சொன்னாள். அவனிடம் எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவாள்.

நான் இறங்கி அவளோடு நடந்திருக்க வேண்டும். அல்லது அவளை என் சீட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். இரண்டும் அப்போதே தோன்றின. நான் இறங்கவில்லை. வேன் அவளைத் தாண்டிப் போகும்போது பக்கத்துக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

அதிலிருந்து அவள் வேனுக்கு வரவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் டவுன் பஸ் பிடித்தாள். கம்பெனி கேட் எட்டு மணிக்கு மூடும். பஸ் ஒருநாள் ஏழே முக்காலுக்கு வரும், ஒருநாள் எட்டே காலுக்கு வரும். முதல் வாரத்தில் ஒருநாள் தாமதம், இரண்டாம் வாரத்தில் ஒருநாள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. வருடத்தில் வேலை கெட்டியாக இருப்பது அந்த மாதத்தில்தான்.

போர்மேன் சீனிவாசகம் மாத்திரை வாங்க வந்தவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த மூக்கம்மா இன்னொரு நாள் லேட்டுன்னா தீவாளி வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிருவேன் சிஸ்டர். மூணு லேட்டுன்னா எல்லாருக்கும் ஒரே ரூலுதான்."

வேனில் வராமல் ஏன் பஸ்ஸில் வருகிறாள் என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டாவது தவறு அது. வாசித்தது கவனக்குறைவு. இது பொய்.

இன்னொரு பக்கம், அவள் இல்லாமலும் டயர் உரசியது. தரைப்பாலத்தில் அதே சத்தம், அதே வாடை. காசிராஜன் ஹார்ன் அடித்தான்.

"இப்ப யாரு வெயிட்டுண்ணே?" என்று பின்னாலிருந்து வேலுத்தாய் கேட்டாள்.

அன்று மாலை நான் வேனுக்குப் பக்கத்தில் குனிந்து டயரைப் படித்தேன். ஊசி மருந்துப் புட்டியில் பொடி எழுத்துப் படித்துப் பழகிய கண். டயரின் பக்கவாட்டில் அளவுகளுக்குப் பிறகு 94 என்று இருந்தது. வேனுக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு டிஸ்க். அதன் டயரில் அதே இடத்தில் 104. ஏன் வேறு வேறு என்று கேட்டேன். தெரியாது என்றான். கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றினான்.

இரண்டு நாள் கழித்து மதியம் வானம் இருட்டி இடி இறங்கியது. இடி மின்னல் என்றால் கம்பெனியில் வேலை நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். பெண்களை அவரவர் ஊரில் இறக்கியதும் நான் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். விருதுநகருக்குப் போ, டயர் வாங்கின கடைக்கு என்றேன். மழை வருதே நர்சம்மா என்றான். போ என்றேன்.

கடை பஜாரை ஒட்டி இருந்தது. அலி அக்பர் என்பவர் நடத்தினார், அறுபது வயதிருக்கும். பக்கத்தில் பருப்பு மண்டி, எதிரில் மிளகாய்க் கமிஷன் மண்டி. மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அவர் மேசையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார்.

காசிராஜன் டயர் உரசுவதைச் சொன்னான். வண்டியில் வருகிற ஒரு பெண்ணுக்கு உடம்பு ரொம்ப அதிகம், அந்தப் பக்கம்தான் இறங்குகிறது என்றும் சொன்னான். அங்கேயும் அதையே சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. அவரே பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அலி அக்பர் வெளியே வந்து கதவைத் திறந்து சீட்டின் மேல் ஒரு விரலை இழுத்தார். விரல் வெள்ளியானது. அதைப் பார்த்தார். காசிராஜனைப் பார்த்தார். உள்ளே போய்ப் பில் புத்தகத்தைப் புரட்டி எடுத்துவந்தார். அதில் அவர் கையெழுத்தில் 'குடும்ப வண்டி, எட்டுப் பேர்' என்று குறிப்பு இருந்தது.

"நான் கேக்காம எதையும் மாட்டி விடுறதில்ல தம்பி. என்ன லோடு ஏத்துவீகன்னு கேட்டேன். வீட்டு ஆளுக ஏழெட்டுப் பேருன்னு சொன்னீக. எட்டுப் பேருக்கு இது அருமையான டயரு."

காசிராஜன் பில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆள் வண்டின்னு சொல்ல வாய் வரல பாய். அன்னைக்குக் கார்க்காரக ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாக."

அலி அக்பர் திட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, டயரைக் காட்டி விளக்கினார். வேறு சக்கரம் மாட்டுகிறவர்கள் போல்ட் ஓட்டை எத்தனை என்று மட்டும் பார்ப்பார்கள். ஓட்டைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன, நடு ஓட்டை அச்சில் சரியாக உட்காருகிறதா, சக்கரம் எவ்வளவு உள்ளே நிற்கிறது எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த அலாய் ஓட்டைக்கும் அச்சுக்கும் பொருந்திவிட்டது. ஆனால் பழைய டிஸ்க்கைவிட ஒன்றரை விரல் வெளியே வருகிறது. எட்டுப் பேர் ஏறினால் பாதகமில்லை. அதற்கு மேல் ஏறினால் அடியில் உள்ள வில் பட்டை அமுங்கி வண்டி இறங்கும். மட்கார்டு டயர் மேல் உட்காரும்.

கடைசியாக அந்த எண். அது அளவு இல்லை, தாங்கும் எடைக்கு உள்ள குறியீடு. 94 என்றால் ஒரு டயருக்கு அறுநூற்றெழுபது கிலோ. 104 என்றால் தொள்ளாயிரம்.

நான் அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நான்கு டயருக்கு இரண்டாயிரத்து அறுநூற்றெண்பது. காலி வேன் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் எழுநூற்றெண்பது. இருபத்திரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு முப்பத்தைந்து கிலோ. அது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எடை. மூக்கம்மாளை எடுத்துவிட்டுக் கூட்டினாலும் வேனில் இருந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

அலி அக்பர் கணக்கோடு விடவில்லை. பக்கத்து மண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, லோடுமேன்களை வைத்து உளுந்து மூட்டைகளை வேனில் ஏற்றச் சொன்னார். ஆள் வண்டி, சரக்கு வண்டி எதுவானாலும் அவர் கடையில் இப்படித்தான் பார்ப்பாராம். அன்றைக்குக் குடும்ப வண்டி என்றதால் விட்டுவிட்டார். மூட்டை ஒவ்வொன்றும் நூறு கிலோ; பதினொன்று ஏறினால் ஏறக்குறைய எங்கள் இருபத்திரண்டு பேரின் எடை. ஏற்றும் முன் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விட்டு இழுத்துக் காட்டினார். தாள் ஆடிக்கொண்டு வந்தது. ஐந்து மூட்டை ஏறியதும் விட்டார்; வந்தது. எட்டில் உரசிக்கொண்டு வந்தது. பத்தில் பாதி கிழிந்தது. பதினோராவது மூட்டை ஏறியபோது தாளை நுழைக்கவே இடமில்லை. வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை.

"எல்லா மூட்டையும் நூறு கிலோதான் தம்பி. இதுல எந்த மூட்டை மேல பழி போடுவீக?"

லோடுமேன் ஒருவர் சிரித்தார். விஷயம் தெரியாமல் சிரித்தார். காசிராஜன் சீட்டில் கிடந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டான். மூட்டைகள் இறங்கியதும் யாரையும் கேட்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் முதல் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தான். மழையும் பிடித்துக்கொண்டது.

அவனுடைய பழைய டிஸ்க் நான்கும் கடையின் பின்கட்டில் கிடந்தன. அவற்றில் 104 போட்ட டயரை மாட்டினார்கள். நட்டையும் மாற்ற வேண்டும் என்று அலி அக்பர் சொன்னார். அலாய்க்கு உள்ள நட்டு இரும்பு டிஸ்க்கில் சரியாக உட்காராதாம். பதினான்கு பேர் ஏற வேண்டிய வண்டியில் இருபத்திரண்டு பேர் ஏற்றுவதை எந்தச் சக்கரமும் சரியாக்காது என்றும் சொன்னார்.  அதை நாங்கள் பின்னாலும் திருத்தவில்லை.

திரும்பும் வழியில், இரவே மதினி வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இருபது பேர் முன்னால் சொன்னதை வீட்டுக்குள் போய்த் திருப்பி எடுக்க முடியாது.

கொஞ்ச தூரம் போனபிறகு, "நோட்டு உங்களுது நர்சம்மா" என்றான்.



மறுநாள் வேன் எல்லா ஊரிலும் ஆளை ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்துக்கு வருவதற்குள், மூக்கம்மாள் அதைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். மணி ஏழு முப்பத்தெட்டு. வேன் பக்கத்தில் போனதும் ரோட்டோரம் இறங்கி நடந்தாள். காசிராஜன் நடை வேகத்தில் கூடவே ஓட்டினான். அவள் திரும்பவில்லை. வேனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினான். கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. பேசுவது எல்லோருக்கும் கேட்டது.

"மதினி, டயருதான் தப்பு. கடையில நான் பொய் சொல்லி வாங்குனேன். ரெண்டு பக்கமும் உரசுச்சு. தெரிஞ்சுக்கிட்டே ஒங்க மேல போட்டேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. சக்கரங்களைப் பார்த்தாள். துரு ஏறிய பழைய டிஸ்க். நடுவில் மூடிகூட இல்லை.

"கொலுசக் கழட்டிட்டியாக்கும்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"நர்சம்மா, உங்க வெயிட்டு எம்புட்டு?"

நோயாளிகளிடம் ஆயிரம் கேள்வி கேட்டவள் நான். கேட்ட இடத்தில், கேட்ட சத்தத்தில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தவள். பின்னால் பத்தொன்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 

"அறுபத்தெட்டு," என்றேன்.

"நோட்டுல இருக்கா?"

"இல்ல."

"எளுதுங்க."

சரி என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க நான் மனதில் ஒரு வாக்கியம் கட்டிவைத்திருந்தேன். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பின்னால போங்க. முட்டி வலிக்கு, நான் இங்கன உக்காந்துக்கிறேன்."

இறங்கிப் பின்னால் போனேன். காலியாக இருந்தது அவளுடைய இடம்தான், வலது சக்கரத்துக்கு மேலே. கால் வைக்க இடம் கிடையாது, அடியில் சக்கரத்தின் மேடு. முழங்காலை நெஞ்சுக்கு நேராக மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். முட்டி வலிக்காரி ஐந்து வருடம் அப்படி உட்கார்ந்து வந்திருக்கிறாள். மாதம் தவறாமல் அவள் முட்டிக்கு நான் தைலம் கொடுத்து வந்தேன்.

"எட்டு மணிக்கு கேட்டு. எடுலே வண்டிய," என்று முன்னாலிருந்து சொன்னாள்.

ஏழு ஐம்பத்து நாலுக்கு வேன் கேட்டுக்குள் நுழைந்தது. மூக்கம்மாள் முன் சீட்டிலிருந்து இறங்குவதைச் சீனிவாசகம் பார்த்தார். பின்னாலிருந்து நான் இறங்குவதையும் பார்த்தார். ஏன் இடம் மாறியது என்று கேட்டார். இந்த முறை நடந்ததைச் சொன்னேன், நோட்டை வாசித்தது உட்பட. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கு மூன்றாவது தாமதம் விழவில்லை. தீபாவளி வரை வேலை பார்த்தாள்.

அன்று மாலை திரும்பும்போது தரைப்பாலத்தில் யாரும் இறங்கவில்லை. வேன் பள்ளத்தில் இறங்கியபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குக் கீழே பட்டை அமுங்கி எழுந்தது. சத்தமில்லை, வாடையில்லை. 

நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் 68 என்ற எண்ணையும் எழுதினேன். அடுத்த மாதத்திலிருந்து எடைக் கருவியைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

காசிராஜன் அதன்பின் ஐந்தாறு வருடம் அந்த வேனை ஓட்டினான். சீட்டைக் கழுவுவதை விடவில்லை. மனைவி வீட்டார் அதில் ஏறவும் இல்லை. ஒரு தடவை சிவகாசியில் பின் டயர் மாற்ற நின்றபோது நானும் வேனில் இருந்தேன். கடைக்காரர் கேட்கும் முன்பே, "ஆள் ஏத்துற வண்டிங்க, இருபத்திரண்டு பேரு" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. முன் சீட்டில் மதினியும் பக்கத்தில் கொழுந்தனும் உட்கார்ந்து போனார்கள். அவள் அவனை, அவன் சட்டையை, அவன் வண்டியை, அவன் பொண்டாட்டி வீட்டாரைக் கேலி செய்தாள். அவன் சிரிப்பான். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஏலே, வாயில பூட்டா போட்டுருக்கே என்று அவளே சில நாள் கேட்பாள். அதற்கும் சிரிப்புதான்.

நான் வேலையை விடும்வரை வலது சக்கரத்துக்கு மேலேதான் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேலையை உதறினால் வெள்ளித் தூள் உதிரும். முன் சீட்டில் போன வருடங்களில் என் சேலையில் அது ஒட்டியதே இல்லை.